ஷோகேஸில் உறங்கிய ஜீப்



உங்கள் வீட்டு ஷோகேஸின் மேல்தட்டை ஒருமுறை எட்டிப் பாருங்கள். கல்யாணத்துக்கு வந்த கண்ணாடிக் குவளைகள், மக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்த தஸ்பீஹ், இவற்றுக்குப் பின்னால் தூசு படிந்து ஒரு விளையாட்டுக் கார் நிற்கிறதா? ரிமோட்டோடு வந்த கார். ஒரு காலத்தில் ஓடிய, இப்போது ஓடாத கார். இருந்தால் அதை இறக்கி மேசையில் வையுங்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

"இது ஆண்பிள்ளைகள் பார்க்கிற வேலையல்லவா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்த வேலையில் பாதியைத் தேசிக்காயும் பழைய டூத் பிரஷுமே செய்துவிடுகின்றன. இரண்டும் யார் கையில் இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு ஜீப் இருந்தது. சிவப்பு நிறம், கறுப்புச் சில்லுகள், பின்னால் ஒரு உபரிச் சில்லு. என் பெரியம்மாவின் மகள், நான் தாத்தா என்று அழைப்பவர் (எங்கள் பதுளைப் பக்கத்தில் அக்காவைத் தாத்தா என்றுதான் சொல்வோம்), 1993இல் சவூதிக்கு வீட்டுவேலைக்குப் போனார். நான்கு வயது மகனைப் பெரியம்மாவின் கையில் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து 1995இல் வந்தபோது அவருடைய பெட்டியில் சவர்க்காரம், பால்மா டின், உம்மாவுக்கு ஒரு கம்பளி எல்லாவற்றுக்கும் நடுவில் துணி சுற்றி இருந்தது அந்த ஜீப்.

அந்தக் காலத்தில் இது எங்கள் ஒரு வீட்டுக் கதையல்ல. எழுபதுகளின் கடைசியிலிருந்தே நம் நாட்டுப் பெண்கள் வளைகுடா நாடுகளுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கான சட்டமே வந்தது. தொண்ணூறுகளில் அப்படிப் போனவர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். பதுளை, பசறை, வெலிமடை என்று ஊவாவின் ஊர்களிலிருந்தும் தேயிலைத் தோட்டங்களின் லயங்களிலிருந்தும் போனார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் போவதற்குக் கட்டுப்பாடு வந்தது 2013இல்தான். பிறகு அதுவும் தளர்த்தப்பட்டது. தாத்தா போன காலத்தில் அப்படி எந்தக் கேள்வியும் இல்லை. திரும்பி வந்த தாய்மாரின் பெட்டிகளில் பிள்ளைகளுக்கென்று ஒரு சாமான் கட்டாயம் இருக்கும். பெண்பிள்ளைக்குக் கண் சிமிட்டும் பொம்மை, ஆண்பிள்ளைக்கு ரிமோட் கார்.

மகன் ஒரே ஒரு பின்நேரம் அதை ஓட்டினான். முற்றத்தில் வாசற்படியில் மோதியது. ஜீப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் பெரியம்மா பதறிப் போனார். தாத்தா மறுபடி சவூதிக்குப் போன அன்றே, "உம்மா வாற வரைக்கும் பத்திரமா இருக்கட்டும்" என்று ஜீப்பை ஷோகேஸில் வைத்துப் பூட்டினார். 1997இல் தாத்தா வந்து, திறந்து, ரிமோட்டை அழுத்தினால்... ஜீப் அசையவில்லை. எட்டு வயது மகன் ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போய்விட்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் ஜீப்பைத் தொடவில்லை.

அந்த மகனுக்கு இன்று ஐந்து வயதில் ஒரு மகன் இருக்கிறான். போன நோன்புப் பெருநாள் லீவில், கதிரை மேல் ஏறி ஜீப்பை இறக்கி என் மடியில் வைத்தவன் அவன்தான். "இத ஓட்டித் தாங்க" என்றான். நான் என்ன கண்டேன்! பதுளைக் கடைத்தெருவில் ரேடியோ திருத்தும் ஒரு பாஸிடம் கொண்டுபோனேன். சிங்களவர். தமிழும் நன்றாகப் பேசுவார். அவருடைய மேசைக்கு முன்னால் இரண்டு பின்நேரங்கள் இருந்து பார்த்ததையும், பிறகு வீட்டில் நானே செய்து பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெற்றரி, பிறகு பெற்றரி, அதற்குப் பிறகும் பெற்றரி!

பாஸ் ஜீப்பைத் தொடக்கூட இல்லை. ரிமோட்டைக் கவிழ்த்து மூடியைத் திறந்தார். உள்ளே சதுரப் பெற்றரி, 9 வோல்ட். 1995இல் போட்டது! ஜீப்பின் வயிற்றிலிருந்த நான்கு பெற்றரிகளைப் பெரியம்மா அன்றே கழற்றி வைத்திருந்தார். கெட்டிக்காரி. ரிமோட்டுக்குள்ளும் ஒன்று இருக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பெற்றரி வீங்கி, கசிந்து, அதைக் கவ்வும் மூடி முழுவதும் வெள்ளைப் பொருக்கும் பச்சைக் களிம்புமாக இருந்தது. "நோனா, எனக்கு வாற பத்து விளையாட்டுச் சாமானில ஆறு ஏழு இப்பிடித்தான்" என்றார் பாஸ்.

பெற்றரி என்பது ஓடினாலும் ஓடாவிட்டாலும் மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருக்கும் சாமான். அல்கலைன் பெற்றரிக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ரொக்சைட் என்ற கடுங்காரம். செத்த பெற்றரிக்குள் வாயு சேர்ந்து அழுத்தம் கூடுகிறது. காரம் வெளியே கசிகிறது. காற்றுப் பட்டதும் வெள்ளைப் பொருக்காகி, அருகில் உள்ள உலோகத்தைத் தின்கிறது. அதாவது உங்கள் ஷோகேஸில் 'பத்திரமாக' இருக்கும் காரை உள்ளிருந்தே தின்றுகொண்டிருப்பது நீங்கள் உள்ளே விட்ட பெற்றரிதான்.

இனி நம் வேலை. வித்திலைக் கறையும் களிம்பும் ஏறிய பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் துலக்கியிருப்பீர்கள் அல்லவா? இதுவும் அதே வித்தைதான். காரத்துக்கு எதிரி புளிப்பு. கையில் கையுறை போடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பொலித்தீன் பையையாவது சுற்றிக்கொள்ளுங்கள். அந்த வெள்ளைப் பொடி கண்ணில் பட்டால் ஆபத்து, பிள்ளைகளைத் தூர இருக்கச் சொல்லுங்கள். பெற்றரியை எடுத்துவிட்டு, காதுக் குச்சியில் தேசிக்காய்ச் சாற்றையோ வினாகிரியையோ தொட்டுப் பொருக்கின் மேல் ஒற்றுங்கள். ஆப்பச் சோடாவில் தேசிக்காய் பிழிந்தால் பொங்குமே, அதேபோல் நுரைக்கும். நுரை நின்றதும் டூத் பிரஷால் மெல்லத் தேய்த்து, ஈரத் துணியால் ஒற்றி, நன்றாகக் காய விடுங்கள். புளிப்பை அப்படியே விட்டால் அதுவும் உலோகத்தை அரிக்கும். பிறகு ஸ்பிரிங்கையும் தகட்டையும் நகம் தேய்க்கும் அரத்தால் பளிச்சென்று தெரியும்வரை உரசுங்கள். ஒரு விஷயம்: பழைய மலிவான கார்பன் பெற்றரி கசிந்திருந்தால் அதன் கசிவு புளிப்புப் பக்கம். அதற்குத் தேசிக்காய் உதவாது. ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரால் துடையுங்கள்.

புதுப் பெற்றரி போட்டுப் பாருங்கள். 'புது' என்றால் புது. சுவர் மணிக்கூட்டிலிருந்து கழற்றியதைப் போட்டுவிட்டு, "பெற்றரி மாற்றியும் ஓடவில்லை" என்று பாஸிடம் வருகிறவர்கள் ஏராளமாம். மணிக்கூட்டுக்குத் தேவைப்படுவது ஒரு துளி மின்சாரம். மோட்டாருக்கோ ஒரு குடம் வேண்டும். கார் கைவிட்ட பெற்றரி மணிக்கூட்டை இன்னும் மாதக்கணக்கில் ஓட்டும். ஆனால் மணிக்கூடு கைவிட்டது காரை ஒரு முழம்கூட நகர்த்தாது. பழையதையும் புதியதையும் கலந்து போடுவதும் தவறு. பழையது முதலில் செத்துக் கசியும்.

பாஸின் மேசைக்கு முன்னால் எனக்கு முன்பே ஒரு தங்கச்சி நின்றாள். பசறைப் பக்கத்துத் தோட்டம். கொழுந்து எடுக்கிற வேலை, அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ்ஸில் இறங்கி வந்திருக்கிறாள். கையில் ஒரு பையில் பிள்ளையின் போலீஸ் கார். "பெற்றரியைப் பொழுதுக்கும் வெயில்ல காய வெச்சேன் அண்ணே, கொஞ்ச நேரம் ஓடிச்சு, அப்புறம் நின்னுருச்சு" என்றாள். நான் சிரித்துவிட்டேன். உடனே வெட்கமாகவும் போய்விட்டது. ஏனென்றால் என் வாப்பாவும் ரேடியோ பெற்றரியைக் கூரைத் தகட்டின் மேல் காய வைத்தவர்தான். லயங்களுக்கு மின்சாரம் வந்து சேராத காலத்தில் ஊவா முழுவதும் செய்த வேலை அது. அதில் உண்மையும் இல்லாமலில்லை. சூட்டில் பெற்றரிக்குள் இரசாயன வேலை சற்று வேகமாக நடக்கிறது, மிச்சம் மீதி இருந்தது வெளியே வருகிறது. புதிதாக ஒன்றும் ஏறுவதில்லை. கூடுதல் சூடு பட்டால் கசியும், வெடிக்கவும் கூடும்.

அவளுடைய காரில் பழுதே இல்லை. பின் அச்சில் முடி! பாஸ் பிளேடால் கீறி இழுத்தார், வந்துகொண்டே இருந்தது. நம் வீட்டுத் தரைகளில் பெண்களின் நீள முடிக்கும் தையல் நூலுக்கும் பஞ்சமா? சுழலும் அச்சு அவற்றைச் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொள்கிறது. மோட்டார் திணறுகிறது, பெற்றரி ஒரே நாளில் தீர்கிறது. அதனால் உங்கள் காரின் நான்கு சில்லுகளையும் விரலால் சுழற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் முடியை வெட்டி எடுத்துவிட்டு, அச்சில் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். பண்டாரவளைப் பக்கம் இருப்பவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. காலையில் போத்தலுக்குள் அது உறைந்து நிற்கும் கோலத்தைப் பார்த்திருப்பீர்கள். அச்சிலும் அதே கதிதான்.

பாஸ் அவளிடம் காசு வாங்கவில்லை. "முடி வெட்டினதுக்கு சலூன்காரன் அல்லவா சல்லி வாங்கோணும்" என்றார்.

பழுது ரிமோட்டிலா, காரிலா?

பெற்றரியும் தகடும் சரி, அப்படியும் அசைவில்லை என்றால் அடுத்த கேள்வி இது. அதற்கு முன் இந்த இரண்டும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது.

பழைய கார்களின் அடியில் ஒரு சிறு ஸ்டிக்கர் இருக்கும்: 27 மெகாஹேர்ட்ஸ் அல்லது 49 மெகாஹேர்ட்ஸ். அதுதான் அவை பேசும் வானொலி அலை. ரிமோட்டிலும் காரிலும் ஒரே எண் இருக்கவேண்டும். வீட்டில் இரண்டு மூன்று கார்கள் இருந்து ரிமோட்டுகள் மாறிப்போயிருந்தால் எத்தனை பெற்றரி போட்டாலும் பயனில்லை. இரண்டு காருக்கும் ஒரே எண்ணாக இருந்தால் ஒரு பிள்ளை அழுத்த மற்றப் பிள்ளையின் கார் ஓடி, வீட்டில் சண்டை மூளும். இப்போது வரும் புதுச் சாமான்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹேர்ட்ஸ். அவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

நீங்கள் பொத்தானை அழுத்தும்போது ரிமோட் அந்த அலையை விட்டுவிட்டு அனுப்புகிறது, தந்தியடிப்பதுபோல. அக்காலத்தில் பரவலாக இருந்த ஒரு வகைச் சிப்பில் 10 துடிப்பு வந்தால் முன்னால் போ என்று அர்த்தம். 40 வந்தால் பின்னால். 58 என்றால் இடம். 64 என்றால் வலம். காருக்குள் இருக்கும் சிப் எண்ணிப் பார்த்து மோட்டாருக்கு உத்தரவு கொடுக்கும். கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருடமும் அந்தச் சிவப்பு ஜீப் எண்ணத் தெரிந்த ஒன்று!

கம்பியில்லாமல் ஒரு பொருளைத் தூரத்திலிருந்து ஓட்டிக் காட்டியவர் நிகோலா தெஸ்லா. 1898இல் நியூயோர்க்கில் நடந்த ஒரு கண்காட்சியில், தண்ணீர்த் தொட்டியில் சிறு படகொன்றை வானொலி அலையால் இயக்கினார். தானாக இயங்கும் பொம்மைக்கோ அதைவிடப் பழைய வரலாறு உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் பனூ மூஸா சகோதரர்கள் மூவர் நுட்பக் கருவிகளைப் பற்றி நூல் எழுதினார்கள். அல் ஜஸரி 1206இல் முடித்த நூலில், விருந்தினரை மகிழ்விக்க நீரில் மிதக்கும் படகும் அதில் தாமாகவே கொட்டு அடிக்கும் பொம்மைகளும் வருகின்றன. நம் முன்னோர் பொம்மையைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை என்பதற்காகச் சொன்னேன். விஷயத்துக்கு வருவோம்.

காரின் மூடியைக் கழற்றினால் மோட்டார் தெரியும். இரண்டு வயர்கள் அதில் பொருத்தியிருக்கும். நல்ல பெற்றரிகள் இரண்டை வரிசையாக வைத்து, இரண்டு துண்டு வயரால் மோட்டாரின் இரு முனைகளையும் ஒரு கணம் தொடுங்கள். சுற்றினால் மோட்டார் உயிரோடு இருக்கிறது. சுற்றவில்லையானால் அதன் அச்சை விரலால் திருப்பிவிட்டு மறுபடி தொடுங்கள். பல வருடம் கிடந்த மோட்டாருக்கு ஒரு தள்ளு வேண்டியிருக்கும். அப்படியும் அசையாவிட்டால் மோட்டாரை மாற்றத்தான் வேண்டும். மோட்டார் நல்லது, கார் மட்டும் ரிமோட்டுக்கு அசையவில்லை என்றால், காரின் சுவிட்ச்சை இருபது முப்பது தடவை போட்டு எடுங்கள். நம் மலைநாட்டு ஈரத்தில் சுவிட்ச்சுக்குள் களிம்பு பிடிக்கிறது. உரசலில் அது நீங்கும். ஏரியல் வயர் அறுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நீளமாகத் தொங்குகிறதே என்று அதை வெட்டிவிடாதீர்கள், கார் கேட்கும் தூரம் குறைந்துபோகும்.

ரிமோட்டில் இன்னொரு நுட்பமான உறுப்பு உண்டு. வெள்ளி நிறத்தில் ஒரு சிறு தகரக் குப்பி, மேலே 27.145 என்பதுபோல் எண் இருக்கும். அதற்குள் ஒரு மெல்லிய படிகத் தகடு. ரிமோட் சீமெந்துத் தரையில் விழுந்தால் அந்தத் தகடு உடைந்துபோகலாம். வெளியே பார்த்தால் ஒரு கீறல்கூட இருக்காது. இதைப் பாஸிடம் விடுங்கள். அதே எண்ணுள்ளதை ஈயம் பற்றவைத்து மாற்றிவிடுவார். காரின் உள்ளே மெழுகு ஊற்றிய ஒரு செப்புக் கம்பிச் சுருளும், அதன் நடுவில் திருகு போன்ற ஒன்றும் இருக்கும். திருகைக் கண்டால் திருகிப் பார்க்கத் தோன்றும். தொடவே தொடாதீர்கள்! கார் எந்த அலையைக் கேட்கவேண்டும் என்று நிர்ணயிப்பது அதுதான். மெழுகு ஊற்றியிருப்பதே நம்மைப் போன்றவர்களிடமிருந்து அதைக் காப்பாற்றத்தான்.

வானொலி அலையில்லாமல் டீவி ரிமோட்போல அகச்சிவப்பு ஒளியில் ஓடும் சாமான்களும் உண்டு, முக்கியமாகச் சிறு ஹெலிகொப்டர்கள். ரிமோட்டின் மூக்கில் சிறு பல்ப் இருந்தால் அந்த வகை. அதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். கைத்தொலைபேசியின் கமராவுக்கு முன்னால் பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி திரையில் ஊதா நிறத்தில் மினுங்கும். பின் கமராவில் தெரியாவிட்டால் முன் கமராவில் பாருங்கள். உங்கள் டீவி ரிமோட்டையும் இப்படியே சோதிக்கலாம்.

எங்கள் ஜீப்புக்கு வருகிறேன். ரிமோட்டில் பெற்றரியைக் கவ்வும் மூடியைப் பாஸ் வெட்டி எறிந்தார். புதிது பொருத்த வயரைச் சீவினால் உள்ளே செம்பு இல்லை, கரி! கசிவு வயரின் தோலுக்கு அடியிலேயே ஊர்ந்து போயிருந்தது. கறுத்த கம்பியில் ஈயம் பிடிக்காது. கொஞ்சம் வெட்டினார், கறுப்பு. இன்னும் கொஞ்சம், கறுப்பு. இரண்டு அங்குலம் போன பிறகுதான் செம்பு மினுங்கியது. வீட்டில் நீங்கள் செய்தாலும் இதை நினைவில் வையுங்கள். தகட்டை எவ்வளவு துலக்கினாலும் வயர் உள்ளே செத்திருந்தால் ஓடாது.

வெட்டியெடுத்த அந்தக் கறுத்த துண்டுகளை ஒரு நெருப்புப் பெட்டியில் போட்டுத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

புது மூடி, புதுப் பெற்றரி. பொத்தானை அழுத்தியதும் ஜீப்புக்குள் 'ஙீ' என்று மோட்டார் கத்தியது. சில்லு சுற்றவில்லை! மோட்டார் அச்சில் அழுத்திச் செருகியிருக்கும் சிறு பிளாஸ்டிக் பற்சில்லு நெடுக வெடித்திருந்தது. அச்சு மட்டும் உள்ளே சும்மா சுழன்றது. "ஓடி ஒடஞ்சதில்ல நோனா. சும்மா வெச்சிருந்தாலும் வருசம் போகப் போக இப்பிடி வெடிக்கும்" என்றார். இறுக்கமாகச் செருகிய பிளாஸ்டிக் வயதானால் வெடிப்பது இவ்வகைச் சாமான்களில் சாதாரணமாம். மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்தார். செத்துப்போன நூறு விளையாட்டுச் சாமான்களின் பற்சில்லுகள்! பல்லை எண்ணி, அச்சில் செருகிப் பார்த்து, ஆறாவது ஏழாவது முயற்சியில் ஒன்று பொருந்தியது.

ஜீப் ஓடியது. முன்னால் மட்டும். பின்னால் போக மறுத்தது. அதற்கான டிரான்சிஸ்டர்கள் போய்விட்டன, மாற்றலாம், இன்னும் ஒரு நாள் விட்டுப் போங்கள் என்றார் பாஸ். பக்கத்தில் நின்ற பேரனுக்குப் பொறுமை இல்லை. "பின்னால போகாட்டி என்ன, நான் தூக்கித் திருப்பி வெக்கிறன்" என்றான். அத்தோடு வழக்கு முடிந்தது.

நீங்கள் தொடக்கூடாத சில வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். சுவரில் செருகும் சார்ஜரை ஒருபோதும் திறக்காதீர்கள். பழைய கார்களோடு வந்த, பிளாஸ்டிக் உறை போட்ட சார்ஜ் பெற்றரிக் கட்டுகளில் பெரும்பாலும் கட்மியம் என்ற நஞ்சு இருக்கிறது. அதைக் குப்பையோடு சேர்த்து எரிப்பதும், கோவா நட்ட பாத்திக்குப் பக்கத்தில் புதைப்பதும் வேண்டாம். எலெக்ட்ரோனிக் கழிவு சேகரிக்கிறவர்களிடம் கொடுங்கள். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் பிள்ளைக்குச் சோறு ஊட்டாதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, சட்டைப் பொத்தான் போன்ற வட்டப் பெற்றரி. குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடும். வாந்தி எடுக்க வைக்காமல், நாளைக்குப் பார்ப்போம் என்றும் இராமல், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அந்த வகைச் சாமான்களின் பெற்றரி மூடியில் திருகாணி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லாவிட்டால் கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்தச் சாமான் வேண்டாம்.

அன்று இரவு தாத்தா வீட்டுக்குப் போனோம். பேரன் ஹோலில் ஜீப்பை விட்டான். தாத்தா அடுப்படியிலிருந்து தேநீர்க் கோப்பையோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மகன் வேலை முடிந்து வந்து, சப்பாத்துக்கூடக் கழற்றாமல் கதவோரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் நெருப்புப் பெட்டியைத் திறந்து அவருடைய கையில் கொட்டினேன். கறுத்த வயர்த் துண்டுகள். பாஸ் சொன்னதைச் சொன்னேன். ரிமோட்டுக்குள் மறந்துபோன பெற்றரி கசிந்து, கம்பியைத் தின்று, அதனால்தான் 1997இல் ஓடவில்லை என்று. அவர் அந்தத் துண்டுகளை விரலால் புரட்டினார்.

"அப்ப படியில மோதினதால இல்லயா?" என்றார்.

"எந்தப் படி?" என்று கேட்டார் தாத்தா. அவருக்கு நினைவே இல்லை.

"நான்தான் ஒடச்சிட்டன் எண்டு நெனச்சேன் உம்மா. அதுக்குத்தான் உம்மும்மா பூட்டி வெச்சாங்க எண்டு. நீங்க வந்து திறந்து பார்த்த அண்டைக்கி உங்கட முகத்தப் பார்க்க ஏலாமத்தான் வெளிய போனேன்."

தாத்தா கோப்பையை மேசையில் வைத்தார். "நான் கொண்டுவந்தது உனக்குப் பிடிக்கல்ல எண்டுதான் நான் நெனச்சிக்கொண்டு இருந்தன். அடுத்த முறை வரக்குள்ள ஒரு சாமானும் கொண்டு வரல்ல, ஞாபகமா?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. பெரியம்மா இன்று உயிரோடு இல்லை. இருந்திருந்தால் யாரைக் கோபிப்பது? ஜீப் பெற்றரியை நினைத்துக் கழற்றி வைத்தவர் அவர்தானே.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஓடாத சாமான் ஒன்று இருந்து, அதை உடைத்தது இன்ன பிள்ளை என்று ஒரு தீர்ப்பும் இருக்கலாம். திறந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். பிள்ளை விளையாடி முடித்ததும் இரண்டு பக்கத்துப் பெற்றரிகளையும் கழற்றி ஒரு ஜாம் போத்தலில் போட்டு வையுங்கள், ஜீப்பிலும் ரிமோட்டிலும். தாத்தா இப்போது அதைத்தான் செய்கிறார். இரவு இஷா தொழுதுவிட்டு வந்ததும் பேரனிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "ரெண்டிலயும் கழட்டினியா மகன்?"

ஜீப் இப்போது ஷோகேஸில் இல்லை. பகல் முழுவதும் ஹோலிலும் முற்றத்திலும் ஓடுகிறது, இரவில் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. போன வாரம் முன்பக்க பம்பர் இரண்டாகப் போய்விட்டது. அது பேரன் உடைத்ததுதான், நானே கண்ணால் பார்த்தேன்.